கணிதமேதை இராமாநுஜனும் புலமைப்பரிசிலும்

ஸ்ரீநிவாச இராமாநுஜன் அவர்களின் பெயரைக் கேட்டறியாத மாணவர் நம் கல்லூரியில் இரார். வாடகை மோட்டாரின் இலக்கமாகிய 1729 பற்றிய கதை கணித ஆசிரியர்களால் வகுப்புத்தோறும் சொல்லப்பட்டு வருவது. குலதெய்வமாகிய நாமகிரித் தாயார் கனவிலே தோன்றிச் சூத்திரங்களை அருளினாள் என்பதும் பலர் கூறக் கேட்டதே. தமிழ் கற்பிக்கும் நாம் அக்கணிதத்தினுள்ளே புகுந்து பேசும் தகுதியுடையேம் அல்லேம். அதனை அறிந்தோர் அடுத்த வகுப்பறையில் இருக்கின்றனர். ஆயினும் அப்பெருமகனாரின் சரித்திரத்திலே பணங்காசு பற்றிய பக்கம் ஒன்றுண்டு. வறிய வீட்டுப் பிள்ளை ஒருவர் கல்லூரிச் சம்பளத்தை எவ்வாறு கட்டினார், கட்ட வழியற்றபோது அவருக்கு நேர்ந்தது யாது, மீண்டும் வழி திறந்தவர் யாவர் என்னும் அப்பக்கத்தையே ஈண்டு எழுத எண்ணினோம். நமது பழைய மாணவர் சங்கத்தார் வறிய மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்கி வருபவராதலின் இவ்விதழுக்கு அது பொருந்தும் என்பது எமது துணிபு.

இராமாநுஜன் 1887ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி ஈரோட்டிலே தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் புடைவைக் கடையொன்றிற் கணக்கெழுதி மாதம் 20 ரூபா அளவிலே வேதனம் பெற்றவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிலே பஜனைப் பாடல் பாடிச் சிறிது பொருள் ஈட்டினார். கல்லூரி மாணவர் சிலரை வீட்டில் வைத்து உணவளித்தும் குடும்பச் செலவை ஈடுசெய்தார். குலத்தால் உயர்ந்தோர் எனினும் கையிற் பணமில்லாத குடும்பம் அது.

1897ஆம் ஆண்டு இறுதியில், பத்து வயது நிறையுமுன்னரே, ஆரம்பப் பரீட்சையில் இராமாநுஜன் தஞ்சாவூர் மாவட்டத்திலே முதல்வராகத் தேறினார். அதன் பயனாகக் கும்பகோணம் நகர உயர்தரப் பாடசாலையில் அவருக்கு அரைச் சம்பளச் சலுகை கிடைத்தது. இன்று நம் நாட்டில் ஐந்தாந்தரப் பிள்ளைகள் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு அமரும் அதே வயதில் அவரும் பெற்ற முதற் பேறு அது. அரைச் சம்பளம் என்பது சிறு தொகைதான். ஆயினும் 20 ரூபாவில் உண்டு உடுத்து வாழும் வீட்டிலே சிறு தொகை என ஒன்றில்லை.

அப்பாடசாலையில் அவர் ஆறாண்டு கற்றார். மேல் வகுப்பினர்க்குரிய திரிகோணகணித நூலைப் பதின்மூன்றாம் வயதளவிலே தாமாகவே கற்று முடித்தார். பாடசாலை வாழ்வின் இறுதிப் பகுதியில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் நண்பரொருவர் மூலம் அவர் கைக்கு வந்தது. அரசினர் கல்லூரி நூல்நிலையத்து நூல் அது. ஏறக்குறைய 5000 தேற்றங்களை நிறுவல் விரிக்காது அடுக்கித் தரும் அந்நூல் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வோர்க்கென எழுதப்பட்டது. சிறந்த நூலென்று எவரும் அதனைப் போற்றியதில்லை. அதுவே இப்பிள்ளையின் அறிவுக்குத் தீ மூட்டிற்று. ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கியவர் பின் நிறுத்தவே இல்லை.

1903 டிசெம்பரில் மற்றிக்குலேசன் பரீட்சை எழுதி முதலாம் பிரிவிலே சித்தியெய்தினார். 1904இல் நடந்த பரிசளிப்பு விழாவில் இரங்கநாதராவ் கணிதப் பரிசை அவருக்கு வழங்கியபோது, முழுப் புள்ளியும் இவர் தகுதிக்குக் குறைவே என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் சபையினருக்கு எடுத்துரைத்தார். அவ்வாண்டே கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப். ஏ. வகுப்பிற் சேர்ந்தார். கல்லூரிச் சம்பளம் தவணைக்கு 32 ரூபா. தந்தையாரின் ஒன்றரை மாத வேதனத்துக்கும் மேற்பட்ட தொகை அது. சுப்பிரமணியம் இளநிலைப் புலமைப்பரிசில் இராமாநுஜனுக்குக் கிடைத்தமையாலேயே அவர் அங்கே கால்வைக்க இயன்றது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் காட்டிய திறமைக்காகவே அப்பரிசில் அளிக்கப்பட்டது என்பதை வாசகர் நினைவில் இருத்துக.

கல்லூரியிலே அவர் கணிதமன்றிப் பிறிதொன்றும் கற்றிலர். உரோம, கிரேக்க சரித்திர வகுப்பில் இருப்பார். மனம் முடிவிலித் தொடர்களில் உலாவும். ஆண்டிறுதியில் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்திலே தவறினார். மேல்வகுப்பேற்றம் கிடைக்கவில்லை, பரிசிலும் நீங்கிற்று. தாயார் கோமளத்தம்மாள் வாளாவிருக்கவில்லை. தாமே அதிபரிடஞ் சென்று, கணிதத்திலே தம் மகனுக்கு நிகர் எவருமிலர், அத்தகையானுக்கு உதவி மறுத்தல் எங்ஙனம் முறையாகும் என்று வாதாடினார். அதிபர் மரியாதையுடன் கேட்டார். விதியை மட்டும் தளர்த்தினாரல்லர்.

அவ்வதிபரை ஏசுதல் இன்று எளிது. பல நூல்கள் ஏசியும் இருக்கின்றன. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் அத்துணை விரைவாகத் தீர்ப்புக்கூற மாட்டோம். பரிசிற் பணம் ஓர் அளவுக்கு உட்பட்டது. எல்லாப் பாடங்களிலும் முயன்று தேறிய வறிய பிள்ளை வேறொருவனும் அதற்குக் காத்திருந்திருக்கலாம். ஆங்கிலத்துக்கும் சேர்த்து அளிக்கப்பட்ட பரிசிலை ஆங்கிலத்திலே தவறியவனுக்குத் தொடர்ந்து கொடுத்தால் மற்றவனுக்கு என் சொல்வது? குறை அம்மனிதரிடத்தன்று, பரிசிலின் அமைப்பிடத்திலேயே உளது என்போம். ஒருதுறைப் புலமையாளன் ஒருவன் வந்தால் அவனை என்செய்வது என்ற கேள்வி அந்நிதியை நிறுவினார் மனத்திலே எழுந்ததில்லை. கேள்வியே எழாதவிடத்து விடையெழுதி வைத்தல் எங்ஙனம்?

சிலகாலம் சம்பளமின்றியும் வகுப்புக்குச் சென்று பார்த்த இராமாநுஜன், 1905 ஆவணியளவில் எவரிடமுஞ் சொல்லாது விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பெற்றோர் பதறித் தேடினர். மீண்டு வந்தபோது வரவு நாட்கள் போதாமையாற் பரீட்சைக்கு அமரும் உரிமையும் போயிற்று. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கணித ஆசிரியர் அவருடைய குறிப்புப் புத்தகத்தைக் கண்டு வியந்து அதிபரிடம் அழைத்துச் செல்ல, அதிபர் சம்பளத்தில் ஒரு பகுதிக்குப் பரிசில் வழங்கினார். ஆனால் இம்முறை உடற்றொழிலியல் என்னும் பாடம் வழிமறித்து நின்றது. முயலை அறுத்துக் குடலை ஆராய்வது அவ்வைணவப் பிள்ளைக்கு உவப்பாயில்லை. சமிபாடு பற்றிய வினாவுக்கு விடையெழுதுகையில், இவ்வத்தியாயம் தமக்கே சமிக்கவில்லை எனப் பொருள்பட எழுதிவைத்தார் என்பர். 1906 டிசெம்பரிற் பரீட்சை. கணிதம் நீங்கலாக ஏனையவற்றில் தவறினார். 1907 டிசெம்பரிலே தனிப்பட அமர்ந்தும் அதுவே முடிவு. ஆகவே அரைச் சம்பளச் சலுகை, முழுப் பரிசில், பகுதிப் பரிசில் என மூன்று உதவிகளைத் திறமையாற் பெற்ற ஒருவர், இருபது வயதில் எவ்விதத் தராதரப் பத்திரமும் இன்றி வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார்.

அத்திண்ணைக் காலமே அவருடைய குறிப்புப் புத்தகங்கள் நிறைந்த காலம் என்பதை ஈண்டு சொல்லியாதல் வேண்டும். மடியிலே கற்பலகை, கணக்கை எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாக இருப்பார், முடிவு மட்டுமே புத்தகத்தில் ஏறும். கடதாசி விலைகொடுத்து வாங்கும் பொருளாதலின் அம்முறை கைக்கொண்டார். நிறுவல்கள் இன்றி முடிவுகளை மட்டும் அவர் விட்டுச்சென்ற காரணத்தைப் பலர் பலவாறு ஆராய்வர். கடதாசிக்குக் கொடுக்கக் காசில்லாமையும் காரணங்களுள் ஒன்று என்பதை நம் மாணவர் மறவாதிருப்பாராக. பிள்ளைகள் சிலருக்குத் தனிப்பாடஞ் சொல்லியும் பார்த்தார். பாடத்திட்டத்தை விட்டுத் தம்முடைய உயர்கணிதத்திலே புகுந்துவிடுபவரிடம் எத்தனை பேர் கற்க வருவர்!

1909இல் ஜானகியம்மாளை அவருக்கு மணமுடித்து வைத்தனர். குடும்பப் பொறுப்பு வந்தமையால் வேலை தேடும் நிர்ப்பந்தமும் வந்தது. 1910இல் குறிப்புப் புத்தகங்களை ஏந்திக்கொண்டு, இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் உதவிக் கலெக்டருமாகிய இராமசுவாமி ஐயரைத் திருக்கோவலூரிலே கண்டார். தாலுகா அலுவலகத்தில் ஓர் இலிகிதர் வேலையே அவர் வேண்டியது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஐயர், இத்தகைய ஒருவரைக் கீழ்நிலை உத்தியோகத்தில் அமர்த்தி அறிவை அவியவிடுதல் பாவமெனக் கருதி, வேலை கொடுக்க மறுத்துச் சென்னைக் கணித அறிஞர்க்குக் கடிதங் கொடுத்து அனுப்பினார். உதவி என்பது சிலவேளை மறுத்தலாகவும் வரும். அக்கடிதங்களின் வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திரராவ் அவர்களின் தொடர்பு கிடைத்தது. வேண்டுவது யாது என்று அவர் வினவியபோது, கவலையின்றி ஆராய்தற்கு வயிற்றுக்குச் சோறு கிடைத்தாற் போதும் என்ற அளவிலேயே இராமாநுஜனின் விடை இருந்தது. புலமைப்பரிசில் ஒன்று பெற்றுக்கொடுக்க இராவ் அவர்கள் முயன்றார். எஃப். ஏ. தானும் சித்தியெய்தாதவருக்கு எந்த நிதி இடங்கொடுக்கும்? ஈற்றில் தம் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபா கொடுத்துவந்தார்.

ஏறக்குறைய ஓராண்டு அப்பணத்தில் வாழ்ந்த இராமாநுஜன், தனியொருவர் கொடையில் நெடுநாள் தங்கியிருக்க மனங் கொள்ளவில்லை. திறமைக்குக் கிடைக்கும் பரிசில் ஒருவர் தலையை நிமிர்த்தும். தயவாற் கிடைக்கும் பணம், கொடுப்பவர் எத்துணைப் பெருந்தகையாயினும், பெறுபவர் தலையைச் சிறிது தாழ்த்தவே செய்யும். 1912 மார்ச்சு முதலாந் திகதி சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபா வேதனத்துக்கு இலிகிதராக அமர்ந்தார். தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிறிங் என்பவரும், கணிதங் கற்றவராகிய நாராயண ஐயரும் அங்கே மேலதிகாரிகளாக வாய்த்தது நற்பேறு. பொதிசுற்றி வரும் கடதாசிகளைப் பொறுக்கி அவற்றிலே கணக்குச் செய்வார் எனக் கூறுவர்.

1913 ஜனவரி 16ஆந் திகதி கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரிப் பேராசான் ஹார்டி அவர்களுக்கு இராமாநுஜன் எழுதிய கடிதமும், அதனால் விளைந்தவையும் யாவரும் அறிந்தவை, விரிக்க வேண்டா. அதே காலத்திற் சென்னையிலேயே நிகழ்ந்ததொன்றைப் பலர் அறியார். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த கில்பேட் வாக்கர் என்பவர் 1913 பெப்ரவரியிற் சென்னைக்கு வந்தபோது இராமாநுஜனின் புத்தகங்களைக் கண்டார். தாமும் கேம்பிரிட்ஜிலே கணிதத்தில் முதல்வராய்த் தேறியவராதலின், மறுநாளே சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதினார். சில ஆண்டுகளுக்கேனும் சோற்றுக்கவலையின்றி இவர் முழுநேரமும் கணிதத்தில் ஈடுபடச் சர்வகலாசாலை வழிசெய்தல் வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம்.

விடயம் கணிதபாட சபைக்கும், பின்னர் நிருவாக சபைக்கும் சென்றது. தடை அங்கும் இருந்தது. ஆராய்ச்சிப் பரிசில் முதுமாணிப் பட்டம் பெற்றோர்க்கே உரியது, இவரோ எஃப். ஏ. தேறாதவர். 1905இல் கும்பகோணத்திலே தலையிட்ட விதியினும் வன்மையான விதி இது. ஆனால் இம்முறை சபையினர் விதியோடு நின்றுவிடாமல், சர்வகலாசாலையை நிறுவிய சட்டத்தையே எடுத்து நோக்கினர். ஆராய்ச்சியை வளர்த்தல் அதன் நோக்கங்களுள் ஒன்றாயின், ஆராய்ச்சித் திறன் கண்கூடாக உள்ள ஒருவரைப் பட்டமின்மை காரணமாகப் புறக்கணித்தல் அந்நோக்கத்துக்கே மாறாகும் என்ற வாதம் வென்றது. 1913 மே முதலாந் திகதி தொடக்கம் ஈராண்டுக்கு மாதம் 75 ரூபா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை சமர்ப்பித்தல் ஒன்றே நிபந்தனை. பட்டம் எதுவுமின்றி, தவறிய பரீட்சைகளையே கையிருப்பாகக் கொண்ட ஒருவர் அன்று ஆராய்ச்சி மாணவரானார். 30 ரூபா இலிகிதர் வேலைக்கு விடுமுறை பெற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் இருந்தபடி தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடதாசிக் கவலை இன்றிக் கணக்கெழுதினார்.

கடல் கடத்தல் ஆகாது என்ற குல வழக்கத்தால் இங்கிலாந்துப் பயணத்துக்கு முதலில் மறுத்தவர், 1914 தொடக்கத்திலே நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் சென்னைக்கு வந்து பேசியபோது இசைந்தார். சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுண் வீதம் ஈராண்டுக்கு ஒதுக்கியது. கப்பற் செலவும் உடைச் செலவும் வேறு. அக்காலத்தில் பவுண் ஒன்று 15 ரூபா. ஆண்டுக்கு 3,750 ரூபா! தந்தையாரின் ஆண்டு வேதனமோ 240 ரூபா. அப்பரிசிலிலிருந்து மாதந்தோறும் 60 ரூபாவைக் கும்பகோணத்திலுள்ள பெற்றோர்க்கு அனுப்ப முன்னமே ஒழுங்குசெய்துவிட்டு, மார்ச்சு 17ஆந் திகதி நெவாசா என்னும் கப்பலில் ஏறினார்.

திரினிற்றிக் கல்லூரியும் ஆண்டுக்கு 60 பவுண் உதவிப் பரிசில் அளித்தது. உரிய தராதரம் இல்லாதிருந்தும் ஆராய்ச்சி மாணவராக அவரைப் பதிந்துகொண்டது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சி வழியாக இளங்கலைப் பட்டம் கிடைத்தது. சென்னையில் இருமுறை தவறிய எஃப். ஏ. பரீட்சை பின்னர் எப்போதும் அவரைக் கேட்கவில்லை. சென்னைப் பரிசிலும் அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டது. போர்க்காலத்துக் குளிரிலும் உணவுத் தட்டுப்பாட்டிலும் தம் கையாற் சமைத்துண்டு, இரவுபகல் பாராது உழைத்தவரை 1917இல் நோய் பற்றிக்கொண்டது. 1918 மே மாதத்தில் அரசவைக் கழகத்து உறுப்பினரானார். அதே ஆண்டு ஒக்டோபரிலே திரினிற்றிக் கல்லூரி உறுப்பினராகவும் தெரிவுசெய்யப்பட்டார். அக்கல்லூரியில் அவ்வுறுப்புரிமை பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆண்டுக்கு 250 பவுண், ஆறாண்டுக்கு, கடமை எதுவுமின்றி. அவர் தாய்நாடு திரும்பும் எண்ணமறிந்த சென்னைச் சர்வகலாசாலையும் 1919 ஏப்பிரில் முதலாந் திகதியிலிருந்து ஐந்தாண்டுக்கு அதே அளவு தொகையை அறிவித்தது.

அவ்வறிவிப்புக்கு அவர் எழுதிய மறுமொழியே இக்கட்டுரையை எழுதும்படி நம்மைத் தூண்டியது. 1919 ஜனவரி 11ஆந் திகதி, இங்கிலாந்திலே நோயாளராக இருந்த நிலையில், சர்வகலாசாலைப் பதிவாளருக்கு அக்கடிதத்தை எழுதினார். நன்றி கூறுகின்றார். இந்தியாவுக்குத் திரும்பியபின் தமக்கு வரும் பணம் தம் தேவைக்கு மிகுதி என்கின்றார். இங்கிலாந்துச் செலவுகள் தீர்ந்தபின் ஆண்டுக்கு 50 பவுண் பெற்றோர்க்குக் கொடுக்கப்படுதல் வேண்டும்; தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சுவதைக் கல்விக் காரியத்துக்குச் செலவிடுக; குறிப்பாக வறிய பிள்ளைகளுக்கும் தாய்தந்தையற்ற பிள்ளைகளுக்கும் பாடசாலைச் சம்பளத்தைக் குறைத்தற்கும், பாடசாலைகளுக்குப் புத்தகம் வழங்குதற்கும் ஆகுக என்கின்றார். நோயினாற் கணிதத்திலே முன்போல உழைக்க இயலாமற் போனமைக்கு வருத்தமுந் தெரிவிக்கின்றார்.

புதிய ஆராய்ச்சிப் பீடம் வேண்டும் என்றோ தம் பெயராற் பதக்கம் வழங்குக என்றோ அவர் கேட்கவில்லை. கேட்டவை சம்பளக் குறைப்பும் புத்தகமும். ஒன்று, பத்து வயதில் அவருக்குப் பாடசாலைக் கதவைத் திறந்த அரைச் சம்பளச் சலுகை போன்றது. மற்றது, நண்பர் நூல்நிலையத்திலிருந்து இரவல் வாங்கிவந்த அந்த ஒரு நூலை நினைப்பூட்டுவது. புள்ளிகளின் உயர்ச்சி பற்றிய நிபந்தனை எதனையும் அக்கடிதத்திலே அவர் விதித்திலர் என்பதையும் கவனித்தல் தகும். நம் நாட்டிலே 1945இல் இலவசக் கல்வி வந்தமையால் பாடசாலைச் சம்பளம் என்னும் தொல்லை நம் பிள்ளைகளுக்கு நீங்கியது. எனினும் விடுதிச் செலவும், பயணச் செலவும், தனியார் வகுப்புப் பணமும் இன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆண்டுப் பரீட்சையில் ஒரு பாடத்திலே தவறிய பிள்ளைக்கு உதவிப்பணத்தை நிறுத்தும் நிபந்தனை எந்தச் சங்கத்தின் யாப்பிலேனும் இருக்குமாயின், அதனை மறுமுறை வாசித்துப் பார்த்தல் நன்று. நிறுத்துமுன் அப்பிள்ளையின் குறிப்புப் புத்தகத்தையும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். கணித ஆசிரியரோ, தமிழாசிரியரோ, சித்திர ஆசிரியரோ, அதனை வாசிக்க அறிந்தவராக அவர் இருத்தல் வேண்டும்.

1919 மார்ச்சு இறுதியிற் பம்பாயில் இறங்கிய இராமாநுஜன் சென்னையிலும், கொடுமுடியிலும், கும்பகோணத்திலுமாகச் சிகிச்சை பெற்றார். படுக்கையிலிருந்தும் எழுதினார். 1920 ஜனவரியில் ஹார்டி அவர்களுக்கு எழுதிய கடிதத்திலே தாம் கண்டறிந்த புதுவகைச் சார்புகளைத் தெரிவித்தார். ஏப்பிரில் 26ஆந் திகதி சென்னைச் சேத்துப்பட்டில் உயிர்நீத்தார். வயது 32. ஐந்தாண்டுக்கு வழங்கப்பட்ட பரிசிலில் ஓராண்டும் இருபத்தாறு நாளுமே அவர் அனுபவித்தவை. அந்நாட்களில் எழுதிய கடதாசிகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுப் பலர் கைமாறித் திரினிற்றிக் கல்லூரி நூல்நிலையத்துப் பெட்டியொன்றிலே நெடுங்காலங் கிடந்தன. 1976இல் அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் அன்ட்றூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் அவை. பெரும்பாலும் நிறுவல் இன்றி முடிவுகள் மட்டுமே எழுதப்பட்டவை. அவற்றை நிறுவுதற்குக் கணித வல்லுநர் பல ஆண்டுகள் உழைத்தனர்.